லண்டன் ராணிக்கு அய்யனார் கோயில் பொங்கல்

எங்கிட்ட இருக்கிற இங்கிலீஷ் நாவலுங்க எதையும் நான் காசு கொடுத்து வாங்கல. பெரிய முதலியார்சாவடி பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல கொஞ்ச காலம் ரூம் கூட்டித் துடைக்கிற வேலை பாத்தேன். தங்க வர்ற வெள்ளைக்காரங்க, படிச்சு முடிச்ச புக்கை கட்டில்லயே போட்டுட்டுக் கெளம்பிடுவாங்க. அது சேந்து சேந்து மாடிப்படிக்குக் கீழ மலையாட்டம் கெடந்துது. கட்டடத்தைப் புதுசு பண்றப்போ, "பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுடும்மா"ன்னார் ஓனர். நான் ரெண்டு கோணியில ரொப்பி, கண்டக்டர்கிட்ட திட்டு வாங்கிக்கிட்டே பஸ்ல ஏத்தி மரக்காணம் கொண்டாந்துட்டேன். நான் பி.ஏ. இங்கிலீஷ் படிச்சவ. ரெண்டு பேப்பர் அரியர் இருக்குது. அதை யாரும் கேக்கல, நானும் சொல்லல.

கோணியைப் பிரிச்சா எல்லாம் ஒரே வகை. வெள்ளைக்கார ராஜா ராணி காலத்துக் கதைங்க. ஒண்ணுல தாடிக்காரனுங்க கப்பல்ல வந்து ஊரைக் கொளுத்துறானுங்க. ஒண்ணுல பங்காளிங்க ரோஜாப்பூவைக் குத்திக்கிட்டு வெட்டிக்கிறாங்க. ஒண்ணுல சனங்களே ராஜாவைப் புடிச்சுத் தலையை எடுக்குறாங்க. இன்னொண்ணு ரயில் வந்த புதுசு, அடுத்தது லண்டன் மேல குண்டு விழுந்த காலம். அதுல பாதி புக்கு அட்டையில பட்டு கவுன் போட்ட பொம்பளை நிப்பா, ஆனா கழுத்துக்கு மேல படம் இருக்காது. ஃபோட்டோ எடுக்கத் தெரியாதவன் எவனோ எடுத்துட்டான்னுதான் மொதல்ல நெனைச்சேன். உள்ள படிச்சப்போதான் தலை ஏன் இல்லைன்னு புரிஞ்சுது.

அப்புறம் உப்பளத்து வேலைக்கு வந்துட்டேன். கழுத்து எலும்பு தேய்மானம், தலையில பாரம் ஏத்தக் கூடாதுன்னு டாக்டர் சொன்னதால, மம்மட்டியால கூடையில உப்பு ரொப்புறது என் வேலை. மத்த பொம்பளைங்க வரிசையா வருவாங்க, ரொப்பின கூடையைத் தூக்கிக்கிட்டு வரப்பு மேல நடந்து ரோட்டோரம் அம்பாரத்துல கொட்டிட்டுத் திரும்புவாங்க. விடியறதுக்கு முன்னால ஆரம்பிச்சா வெயில் ஏறுற வரைக்கும் இதேதான். வாய் சும்மா இருக்குமா? நான் கதை சொல்ல ஆரம்பிச்சேன். ஒரு கூடைக்கு ஒரு வரி. மொதல்ல வர்றவளுக்கு "ராஜாவுக்குக் கல்யாணம் ஆச்சு"ன்னு சொன்னா, அடுத்தவளுக்கு "புள்ளை பொறக்கல". யார்கிட்டயும் முழுக் கதை இருக்காது. கஞ்சி குடிக்க உக்காரும்போது அவங்கவங்க வரியை எடுத்துப் போட்டு, சண்டை புடிச்சு, கோத்துக்குவாங்க. கதை கேக்கணும்னா கூடை தூக்கணும், அதுதான் சட்டம். ஒரு தடவை முதலாளியே நின்னு, "அப்புறம் என்னம்மா ஆச்சு"ன்னு கேட்டார். கூடை அங்க இருக்குதுங்கன்னேன். சிரிச்சுக்கிட்டே போயிட்டார்.

நம்ம உப்புக்கு வரி போட்ட பரம்பரை அது. அவங்க படுக்கையறை சங்கதியை அந்த உப்பு மேலயே உக்காந்து பேசுறதுல எனக்கு ஒரு தனி சந்தோஷம். மறைக்க மாட்டேன்.

எங்க செட்டுக்குத் தலைவி பெரியக்கா. வரிசையில மொத கூடை அவங்களது. கடைசிக் கூடை அவங்க பொண்ணுது. அந்தப் பொண்ணைக் கீழ்புத்துப்பட்டுல கட்டிக் கொடுத்து, ரெண்டு பொட்டப் புள்ளைங்க. ரெண்டாவதும் பொட்டைன்னதும் மாமியாக்காரி, "ஆத்தா வீட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வா"ன்னு அனுப்பி வெச்சா. கொஞ்ச நாள் மாசக் கணக்காச்சு, கூட்டிக்கிட்டுப் போக ஒருத்தரும் வரல. புருஷன்காரன் குட்டியானை லோடு வண்டி ஓட்டுறான். அவனுக்கு மாமன் பொண்ணைப் பேசுறாங்கன்னு சேதி வந்துது. ஆம்பளைப் புள்ளை வேணுமாம். பெரியக்காவுக்கு ராத்திரி பகலா அதே கவலை. பொண்ணு மட்டும் வாயே தொறக்காது, கூடையைத் தூக்கும், கொட்டும், வரும். அதைப் பாக்கப் பாக்க எனக்கு வயிறு எரியும்.

அந்த எரிச்சல்லதான் ஆறு பொண்டாட்டி கட்டின ராஜா புக்கை எடுத்தேன். மொத பொண்டாட்டிக்குப் பொண்ணு. போடின்னு ஒரு ஈர வீட்டுல தள்ளிட்டான். ரெண்டாவது வந்தவளுக்கும் பொண்ணு. ராஜா மொகம் சுருங்கிப் போச்சுன்னு சொன்னேன் பாருங்க, அன்னிக்கு வரிசையே நின்னுடுச்சு. பெரியக்கா கூடையைத் தலையில வெச்சிக்கிட்டே, "அவளை என்னடி பண்ணான்?"னாங்க. அடுத்த கூடைக்குச் சொல்றேன்னேன். அன்னிக்குக் கடைசிக் கூடைக்குள்ள, பழி போட்டு அவளை ஜெயில்ல தள்ளி, தலையை எடுக்கணும்னு தீர்ப்பு வரைக்கும் போயிட்டேன்.

மறுநாள் கஞ்சி நேரத்துல சங்கதி தெரிஞ்சுது. எல்லாரும் கூடிப் பேசி, கீழ்புத்துப்பட்டு அய்யனாருக்கு வேண்டிக்கிட்டாங்களாம். அந்த ராணி தலை தப்பிச்சா பொங்கல் வைக்கிறோம்னு. அவ தப்பிச்சா பெரியக்கா பொண்ணு வாழ்க்கையும் தப்பிச்சிடும், அதுதான் கணக்கு. எங்க செட்டுல ஜெபமாலைக்காரம்மா ஒருத்தங்க இருக்காங்க, எந்நேரமும் கழுத்துல ஜெபமாலை. அவங்க, "அய்யனாருக்கு நான் வேண்டிக்க மாட்டேன், ஆனா மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி வெச்சிடறேன். வெள்ளைக்காரி எங்க ஆளுதானே"ன்னாங்க. அந்த ராணியைக் கட்டத்தான் ராஜா போப்பாண்டவரையே பகைச்சிக்கிட்டான்னு நான் சொல்லல. சொன்னா மெழுகுவர்த்தி போயிடும்.

நான் கஞ்சித் தூக்கைக் கீழ வெச்சிட்டேன். ஏன்னா அந்த ராணி செத்து ஐந்நூறு வருஷம் ஆகப் போவுது.

"ஏம்மா, இது நடந்து முடிஞ்ச கதை. அய்யனார் என்ன பண்ணுவார்?"னேன்.

"நீ இன்னும் சொல்லி முடிக்கல இல்ல? அப்போ எப்படி முடிஞ்சிருக்கும்?"னாங்க பெரியக்கா.

பி.ஏ.வுல இதெல்லாம் சொல்லித் தரல. நான் நாளைக் கடத்தினேன். ராணியை ஜெயில்ல உக்கார வெச்சிட்டு, தாடிக்காரனுங்க கப்பலை எடுத்து வுட்டேன். அப்புறம் ரயில் காலத்துல பங்களாவுக்கு டீச்சர் வேலைக்குப் போன ஏழைப் பொண்ணு கதை. அப்புறம் லண்டன்ல குண்டு விழும்போது பாதாள ரயில் ஸ்டேஷன்ல படுத்துக்கிட்ட சனங்க. எல்லாத்தையும் கேட்டுக்குவாங்க, முடிஞ்சதும், "சரி, அவ எப்படி இருக்கா?"ன்னு கேப்பாங்க. ஆஸ்பத்திரியில படுத்திருக்கிற சொந்தக்காரியை விசாரிக்கிற மாதிரி.

கதையை மாத்திடலாமான்னு ஒரு நாள் முழுக்க யோசிச்சேன். மனசு வரல. அவளைப் பொய்யாப் பொழைக்க வெச்சு, அதை நம்பி இவங்க பொங்கல் வெச்சு, அப்புறம் இந்தப் பொண்ணு புருஷன் இன்னொருத்தியைக் கட்டினா, பெரியக்கா மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? ஒரு செவ்வாக்கெழமை சொல்லிட்டேன். கோடாலி வேணாம்னு ஃபிரான்ஸ்லேர்ந்து கத்திக்காரனை வரவழைச்சு, ஒரே வெட்டு. அந்த வரி பெரியக்கா கூடைக்குத்தான் வந்துது. அவங்க கூடையை அப்படியே வரப்புல எறக்கி வெச்சிட்டு, முந்தானையை வாயில வெச்சிக்கிட்டு அழுதாங்க. எனக்கும் அழுகை வந்துது. எந்த ஊர்க்காரியோ, அவளுக்கு நாங்க உப்புல நின்னு அழுதோம்.

ஜெபமாலைக்காரம்மாதான் மூக்கைச் சிந்திட்டு, "அவ பெத்த அந்தப் பொண்ணு என்னாச்சு?"ன்னு கேட்டாங்க.

"அதுவா? ராஜாவுக்கு மூணாவது பொண்டாட்டிக்கிட்ட ஒரு பையன் பொறந்துது. பதினஞ்சு வயசுல போய்ச் சேந்துட்டான். கடைசியில வேணாம்னு தள்ளின அந்தப் பொட்டப் புள்ளைதான் நாப்பது வருஷத்துக்கு மேல ஊரையே ஆண்டுது."

பெரியக்கா கண்ணைத் தொடைச்சிக்கிட்டாங்க. "அப்போ தலை போனா என்னடி, வேர் நின்னுடுச்சு. அய்யனார் பண்ணிட்டார்"னாங்க. வேண்டுதலுக்கு இப்படியும் வக்கீல் வேலை பாக்கலாம்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

பொங்கல் வைக்கக் கீழ்புத்துப்பட்டு போனோம். சம்பந்தி ஊரு அதுன்னு எல்லாருக்கும் தெரியும். பூசாரி யாரு பேருக்குன்னு கேட்டார். ராணி பேருக்குன்னாங்க. எந்த ஊருன்னார். லண்டன்னாங்க. "சொந்தம் ஃபாரின்ல இருக்குதா, பரவாயில்லயே"ன்னுட்டு மணி அடிச்சார். ஜெபமாலைக்காரம்மா தள்ளி மரத்தடியில நின்னுக்கிட்டு, பொங்கல் குழையுது, அடுப்பைத் தணின்னு அங்கேர்ந்தே அதிகாரம் பண்ணிக்கிட்டிருந்தாங்க.

பானையை எறக்குறப்போ சம்பந்தியம்மா வந்து நின்னா. சேதி போயிருக்கும். கூட நம்ம பொண்ணோட புருஷன்காரனும் வந்தான், லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு. நான் நெனைச்ச மாதிரி சண்டை வரல. "என்ன சம்பந்தி, யாருக்கு வேண்டுதல்?"ன்னு கேட்டா. பெரியக்கா ஒண்ணுமே தெரியாத மாதிரி, "அது ஒரு பாவப்பட்ட பொண்ணு கதை சம்பந்தி, உக்காருங்க"ன்னு சொல்ல, எங்க செட்டு ஆரம்பிச்சுது. ஒருத்திக்கு ஒரு வரி. கல்யாணம் ஆனது, பொண்ணு பொறந்தது, தொரத்தி விட்டது, தலையை எடுத்தது. பொங்கல் வைக்க வந்த ஊர் சனமும் சுத்தி நின்னுடுச்சு.

"பொட்டப் புள்ளை பெத்தது ஒரு குத்தமா? நீங்களே சொல்லுங்க சம்பந்தி"ன்னாங்க பெரியக்கா.

"கட்டையில போறவன். பொம்பளை பாவம் அவனைச் சும்மா விட்டிருக்குமா?"ன்னு சம்பந்தியம்மா மனசார சாபம் விட்டா. விட்டப்புறம்தான் சுத்தியிருக்கிறவங்க மூஞ்சியைப் பாத்தா.

"விடல. கால்ல ஒரு புண்ணு வந்துது. ஆறவே இல்ல, அழுகி நாறி, அதோடயே போனான்"னேன் நான். இது நான் கட்டினது இல்ல, புக்குல இருக்குது. உப்பளத்துக்காரங்களுக்குக் கால் புண்ணுன்னா என்னன்னு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. புருஷன்காரன் கெண்டைக்கால்ல பைக் சைலன்சர் சுட்ட காயம் ஒண்ணு ஈரமா இருந்துது. எல்லார் கண்ணும் அங்க போச்சு. அவன் மெதுவா லுங்கியை அவுத்து எறக்கி விட்டுக்கிட்டான்.

நாலு நாள் கழிச்சுக் காலையில, உப்பளத்து வரப்பு மேல பைக்கு வந்து நின்னுது. அவன்தான். பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டுப் போக வந்தேன்னான். பெரியக்கா மொகத்துல அப்போ பாத்த சந்தோஷத்தை நான் அதுக்கு முன்னாடி பாத்ததில்ல. "போடி, போய் மூட்டையைக் கட்டு"ன்னு பொண்ணை வெரட்டினாங்க.

அந்தப் பொண்ணு கூடையை எறக்கி வெச்சா. இத்தனை நாளா வாய் தொறக்காதவ, எல்லார் எதிர்லயும் பேசினா. "வர்றேன். ஆனா உங்கம்மா வீட்டுக்கு வரமாட்டேன். நாலாவது ராணி மாதிரி எனக்குத் தனி வீடு வேணும்."

பெரியக்கா என்னைத் திரும்பி மொறைச்சாங்க. ரெண்டாவது ராணி செத்ததோட செட்டுல எல்லாரும் அழுது ஓய்ஞ்சிட்டாங்க. கடைசிக் கூடைக்காரி மட்டும் தெனமும், "மத்தவங்க என்னானாங்கக்கா?"ன்னு மெல்லக் கேட்டுக் கேட்டு, ஆறு பேர் கதையையும் வாங்கிக்கிட்டா. நானும் சும்மா இல்லாம சொல்லித் தொலைச்சிருந்தேன்.

"நாலாவது ராணி என்ன பண்ணுச்சு?"ன்னு அவன் என்னைக் கேட்டான். கொஞ்சம் பயந்த மாதிரிதான் இருந்துது.

"கூடை அங்க இருக்குது"ன்னேன்.

அவன் பொண்டாட்டியைப் பாத்தான். அவ வேற எங்கயோ பாத்துக்கிட்டிருந்தா. லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு, பாத்தி ஓரம் உப்புத்தண்ணியில கால் வெச்சான். புண்ணுல பட்டிருக்கும், பல்லைக் கடிச்சிக்கிட்டான். நான் கூடையை நல்லா அமுக்கி ரொப்பி ஏத்தி விட்டு, மொத வரியைச் சொன்னேன். வரைஞ்ச படத்தைப் பாத்து சரின்னுட்டு, நேர்ல பாத்ததும் ராஜா வேணாம்னான். அடுத்த கூடைக்கு, அவ அழல, சண்டை போடல, சரி போன்னா. அதுக்கு அடுத்த கூடைக்கு, ராஜா பயந்து போய் அவளுக்கு வீடும் நெலமும் கொடுத்தான். அதுக்கும் அடுத்ததுக்கு, மத்த எல்லாரையும் விட அவதான் நிம்மதியா இருந்தா. வெயில் ஏறுற வரைக்கும் தூக்கினான். செட்டுல ஒருத்தியும் அவனுக்கு உதவல, பெரியக்கா கூட.

கஞ்சி நேரத்துக்குக் கூடையைக் கவுத்துப் போட்டு, பொண்டாட்டி பக்கத்துல வந்து உக்காந்தான். "சரி, வீடு எங்க பாக்கட்டும்?"

அவ பெரியக்காவை ஒரு தடவை பாத்துட்டுச் சொன்னா: "உங்கம்மா கூப்பிட்டாலும் கேக்கக் கூடாது, எங்கம்மா கூப்பிட்டாலும் கேக்கக் கூடாது. அவ்ளோ தூரத்துல பாரு."