பொறந்த வீட்டுக் கட்டைவிரல்

எங்க தோட்டத்துல லயம்னு சொல்ற வரிசை வீடுங்க ரெண்டு. மேல் லயம் ஒரு கம்பெனி, கீழ் லயம் இன்னொரு கம்பெனி. தேயிலைக் கம்பெனியைச் சொல்லலீங்க, கேம் மெஷின் கம்பெனியைச் சொல்றேன். அந்த ரெண்டு கம்பெனி முதலாளிமாரும் என்னைக்காவது ஒண்ணா உட்கார்ந்து டீ குடிச்சாலும் குடிப்பாங்க. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துல இருக்கிற எங்க ரெண்டு லயமும் ஒண்ணா குடிக்காது.

நான் பொறந்தது மேல் லயம். கல்யாணம் கட்டி வந்தது கீழ் லயம். நடுவுல இருக்கிறது ஒரு படிக்கட்டும் தண்ணி பிடிக்கிற பீலியும்தான். மேல் லயத்து மெஷின் எங்க அண்ணனோடது. பதுளையில கடை வேலைக்குப் போன புதுசுல யார்கிட்டயோ பழசா வாங்கிட்டு வந்து டிவியில மாட்டினான். நானும் அவனும் ராத்திரிச் சோறு மறந்து கார் ரேஸ் ஓட்டுவோம். சும்மா சொல்லக்கூடாது, அவன் மகா கல்நெஞ்சன். நான் தேம்பித் தேம்பி அழுதாலும் ஒரு ஆட்டம் விட்டுக் குடுக்க மாட்டான்.

கீழ் லயத்துக்கு வந்த பிறகு என் ஆட்டம் நின்னு போச்சு. இங்கயும் ஒரு மெஷின் இருந்துச்சு, கடைசி வீட்டுல. ஆனா அங்க பூரா ஆம்பளைப் பசங்க கூட்டம். புது மருமக போய் நடுவுல உட்கார முடியுமா? பதுளையில நான் வேலை செய்ற போன் கடையில செய்தி பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுறதோட சரி. கீழ் லயத்துக் கம்பெனி கையில வச்சு ஆடுற புது மெஷின் விடுதாம், அதைப் பார்த்து மேல் லயத்துக் கம்பெனியும் ஒண்ணு தயார் பண்ணுதாம்! படம் வந்தா போதும், பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்ப்பேன்.

இந்த வருஷம் திருவிழா லீவுக்குக் கொழும்புலேர்ந்து வந்த என் வீட்டுக்காரரு, பைக்குள்ளேர்ந்து ஒரு பெட்டியை எடுத்து நீட்டினாரு. அதே கைமெஷின்! ஐயோ, வாசப்படியிலயே உட்கார்ந்து பெட்டியைப் பிரிச்சேன். டிவியில மாட்டினா பெருசா ஆடலாம், கழட்டினா அதுலயே திரையும் பேட்டரியும் இருக்கு. டிவிக்குச் சண்டை இல்ல, யார் வீட்டுக்கும் போக வேணாம். அடுப்புல சோறு கொதிக்கும், நான் பக்கத்துல நின்னு ஓட்டுவேன். ரெண்டு தடவை சோறு குழைஞ்சு போச்சு.

ஒரு வில்லங்கம் மட்டும் இருந்துச்சு. அண்ணன் மெஷின்ல கீழ்ப் பொத்தானை அமுக்கினா கார் பறக்கும். இதுல கீழ்ப் பொத்தான் பிரேக், வலப் பொத்தான்தான் ஓட்டம். என் கட்டைவிரல் பொறந்த வீட்டையே தேடிப் போகும். திட்டித் திட்டித்தான் திருத்தினேன்.

திருவிழா முடிஞ்ச மறுநாள் கொழுந்து நிறுக்கிற கொட்டகையில, அதான் மடுவத்துல, ரெண்டு லயத்துக்கும் ரேஸ் நடக்கும். தோத்த லயம் அன்னதான அண்டாவெல்லாம் கழுவணும். ஒரு வருஷம் அவங்க மெஷின், ஒரு வருஷம் எங்க மெஷின். இந்தத் தடவை எங்க முறை. கைமெஷினைப் பார்க்க எங்க வீட்டுக்கு வந்த பசங்க அத்தனை பேரையும் நான் தோற்கடிச்சிருந்தேன், அதனால கீழ் லயத்துக்கு ஓட்டப் போறது நான். மேல் லயத்துக்கு? வேற யாரு, எங்க அண்ணன்தான்.

"அண்ணி, கூடப் பொறந்தவராச்சேன்னு விட்டுக் குடுத்துடாதீங்க"ன்னா என் நாத்தனார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. ஆனா எனக்குச் சுருக்குன்னுச்சு. வந்து இத்தனை வருஷமாச்சு, இன்னும் நான் 'மேல் லயத்துப் பொண்ணு'தானா? இருடி, எல்லாரும் பார்க்க ஜெயிச்சுக் காட்டுறேன்னு மனசுக்குள்ள கறுவிக்கிட்டேன்.

சாயங்காலம் மடுவம் நிறைஞ்சு வழிஞ்சுது. என் கைமெஷினைத்தான் டிவியில மாட்டியிருந்தாங்க. பச்சை விளக்கு விழுந்துச்சு. மெஷினே ஓட்டுற மத்த காரெல்லாம் பறந்துச்சு. என் கார் அசையல. படபடப்புல என் விரல் கீழ்ப் பொத்தானுக்கே போயிருச்சு!

"பார்த்தியா, பொறந்த வீட்டுக்கு வித்துட்டா!"ன்னு எங்க பக்கமே ஒரு குரல்.

செத்தேன்னு நினைச்சுத் திரும்பினா, அண்ணன் காரும் நிக்குது. அவன் விரலும் கீழ்ப் பொத்தானைத்தான் போட்டு நசுக்குது! ஒரே மெஷின்ல பழகின விரல் வேற எங்க போகும்? எனக்குச் சிரிப்பு அள்ளிக்கிட்டு வந்துச்சு. சிரிச்சுக்கிட்டே வலப் பொத்தானுக்கு மாறிப் பிய்ச்சுக்கிட்டுப் போனேன். விடுவானா அவன்? ரெண்டாவது சுத்துலயே என்னைத் தாண்டிட்டான்.

கடைசிச் சுத்துல மழை பிடிச்சு, பட்டுன்னு கரண்ட் போச்சு. டிவி அணைஞ்சுது. மடுவமே "ஐயய்யோ"ன்னு அலறுச்சு. அண்ணன் மெஷினா இருந்தா ஆட்டம் அதோட முடிஞ்சிருக்கும். என் வீட்டுக்காரரு ஓடி வந்து கைமெஷினைக் கழட்டினாரு. அதோட சின்னத் திரை பளிச்சுன்னு எரிஞ்சுது! ஆரத்தித் தட்டு மாதிரி எங்க முகத்துக்கு நேரா அவரு பிடிச்சுக்கிட்டு நிக்க, நானும் அண்ணனும் மண்டையோட மண்டை மோதிக்கிட்டு ஓட்டினோம். கடைசி வளைவுல அவன் பதறினான். விரல் கீழ போச்சு, கார் திணறுச்சு. நான் உள்ள புகுந்து கோட்டைத் தாண்டிட்டேன்.

"யாரு? யாரு ஜெயிச்சது?" இருட்டுல ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியல.

"அவதான்"னான் அண்ணன்.

மேல் லயத்துக்காரங்க அவன் மேல பாய்ஞ்சாங்க. "தங்கச்சிக்கு விட்டுக் குடுத்துட்டியாடா?"

அவனுக்கு வந்துச்சே கோவம்! "விட்டுக் குடுக்கிறதா? பொறந்ததுலேர்ந்து இவளுக்கு ஒரு மிட்டாய் விட்டுக் குடுத்திருக்கேனா? எங்கம்மாவைக் கேளுங்கடா!" திரை வெளிச்சத்துல பார்த்தேன், அவன் கண்ணு நிசமாவே கலங்கியிருந்துச்சு. மடுவமே விழுந்து விழுந்து சிரிச்சுது. எனக்கு அப்பதான் வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு.

மறுநாள் காலையில பீலியடியில அண்ணன் அண்டாவுக்குள்ள தலையை விட்டுத் தேய்ச்சுக்கிட்டிருந்தான். நானும் நாத்தனாரும் தண்ணிக்குப் போயிருந்தோம்.

"அடுத்த வருஷம் எங்க மெஷின். அப்ப வா, பார்த்துக்கிறேன்"னான் என்னைப் பார்த்து.

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள, நாத்தனார் குடத்தை இடுப்புல ஏத்திக்கிட்டுச் சொன்னா: "வருவோம், வருவோம். உங்க மெஷினும் எங்க அண்ணிக்கு அத்துப்படி."