வேற பார்ட்டி

இன்று கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீடு பார்க்கப் போனேன்.

விலையைக் குறைக்கச் சொன்னதும் புரோக்கர் ஆரம்பித்தார். "வேற பார்ட்டி ஒன்னு இப்ப பார்க்க வர்றாங்க தம்பி. யோசிச்சுக்கிட்டே நின்னா வீடு போயிரும்."

நாம் பார்க்காத பார்ட்டியா? உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

உண்மையாகவே ஒருவர் வந்தார். நரைத்த தலை, கையில் குடை. ஆளில்லாத அந்த வீட்டு வாசலிலும் செருப்பைக் கழற்றினார். நேராக அடுப்பு மேடை இருந்த குசினிக்குப் போய், நான் தேடியும் கிடைக்காத லைட் சுவிட்சைக் கதவுக்குப் பின்னால் கைவிட்டு, பார்க்காமலே போட்டார்.

வீடு அவர் கைக்குப் போய்விடுமோ என்று பயந்து, கேட்ட விலைக்கே சம்மதித்துவிட்டேன்.

அவர் போன பிறகு, "யார் அண்ணே அது?" என்றேன்.

புரோக்கருக்கு இனி மறைக்க என்ன இருக்கிறது? "கலவரத்துக்கு முந்தி அவங்க வீடுதான் தம்பி. வந்த விலைக்குக் குடுத்துட்டுப் போனவங்க. இப்ப வாங்க வசதியில்ல. ஆனா வீடு பார்க்க ஆள் வருதுன்னு ஒரு போன் கால் போட்டா ஓடி வந்துருவாரு. பஸ் காசு குடுத்தாக்கூட வாங்க மாட்டாரு."

இன்னும் அந்த சுவிட்ச் சத்தம் காதில் கேட்கிறது.

விலை பேசத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வீட்டு உறுதிப் பத்திரம் என் பேருக்கு எழுதிய பிறகு, அவருக்கு யார் கால் போடுவது?