செல்வமலர் அக்காவுக்குக் குடுக்காத மைக்

இண்டைக்கு ஒட்டுசுட்டானுக்குப் போய் ஒராளிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வாறன்.

(மோட்டச்சைக்கிளில போனனான். முதுகு முறிஞ்சு போச்சு. அது பெரிய விசயமில்லை.)

நான் விட்ட பிழை நடந்து மூண்டு கிழமை.

கிளிநொச்சியில நாங்கள் வீடியோ கொன்பரன்ஸ் வகுப்பு நடத்திறது உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டு டொக்டர் ஸ்கிரீனில வந்து இங்கிலிஷில படிப்பிப்பார். இங்க தாதிமாரும், கிராமங்களில வேலை செய்யிற சுகாதாரத் தொண்டர்மாரும் இருந்து கேப்பினம்.

கொம்பியூட்டர், கமரா, ஜெனரேற்றர் எல்லாம் என்ர பொறுப்பு. (படம் ஓடினா டொக்டரைப் புகழுவினம், நிண்டா என்னைப் பேசுவினம்!)

மைக் ஒண்டுதான்.

அண்டைக்கு செல்வமலர் அக்கா ரெண்டு பஸ் மாறி வந்து கடைசிக் கதிரையில இருந்தவா. மலையகத்தில இருந்து வந்து ஒட்டுசுட்டான் பக்கம் குடியேறின குடும்பம். அங்க தொண்டரா வேலை.

கேள்வி நேரம் தொடங்கினோடன கையை உயத்தினா.

"தம்பி, மைக்க இங்கிட்டு கொஞ்சம் தர்றீங்களா?"

"பொறுங்கோ அக்கா, முன்னுக்கு இருக்கிறவை முடிக்கட்டும்."

முன்னுக்கு இருந்தவை டக்டக்கெண்டு இங்கிலிஷில கேட்டினம். லிங்க் அறாமல் ஓடுது எண்டு எனக்கும் பெருமை!

உண்மையைச் சொல்லுறன். அக்கா தமிழில கேக்க, அதை ஒராள் மொழிபெயர்க்க, நேரம் போயிடும் எண்டுதான் நினைச்சனான்.

திரும்பவும் கேட்டா. திரும்பவும் "பொறுங்கோ" எண்டன்.

கடைசியா மைக்கைக் கொண்டு போகேக்க லிங்க் அறுந்து, டொக்டர் வாயைத் திறந்தபடி ஸ்கிரீனில அப்பிடியே நிண்டிட்டார்!

நான் வயரோட மல்லுக்கட்டுறன். அக்காவுக்கு பஸ்சுக்கு நேரமாச்சு. ஒரு கடுதாசியைத் தந்தா.

"இத அவருகிட்ட கேட்டுச் சொல்லுங்க தம்பி. அவசரம்."

"ஓம் அக்கா" எண்டு சேட் பொக்கற்றுக்குள்ள வச்சன்.

மறந்து போனன்.

மூண்டாம் நாள் உடுப்புத் தோய்க்கேக்கதான் கடுதாசியை எடுத்து வாசிச்சன். ஒரு பிள்ளைத்தாச்சிக்கு எட்டு மாசம். முகமும் காலும் வீங்கியிருக்கு. கடும் தலையிடி. பிரஷர் பாக்கிற மிசின் பழுது. புருசன் அடுத்த கிளினிக்குக்குக் கூட்டிப் போறன் எண்டுறார். அதுவரைக்கும் பொறுக்கலாமா?

ஓடிப் போய் வகுப்புக்குப் பொறுப்பான தாதியிட்டக் காட்டினன். அவா முழுசா வாசிக்கக்கூட இல்லை.

"இதுக்கேன் வெளிநாட்டு டொக்டர்? அண்டைக்கே என்னட்டைத் தந்திருந்தா உடனே ஆசுப்பத்திரிக்கு ஏத்தச் சொல்லியிருப்பனே!"

வாகனம் அனுப்பினா. ஆனா அதுக்கு முதல் நாளே அந்தத் தாய்க்கு வலிப்பு வந்து, உழவு மெசினில ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கினம்.

தாய் தப்பிட்டா.

வயித்துப் பிள்ளை தப்பேல்லை.

இண்டைக்கு செல்வமலர் அக்கான்ர வாசலில நிண்டு எல்லாத்தையும் சொன்னன். ஏசுவா எண்டு நினைச்சன். ஏசேல்லை.

"நானும் எந்திரிச்சு சத்தம் போட்டுக் கேட்டிருக்கணும் தம்பி. அத்தன பேரு இங்கிலீசு பேசுற எடத்துல வெக்கமாப் போச்சு."

அவா ஏன் வெக்கப்பட வேணும்? வெக்கப்பட வேண்டிய ஆள் நான்.

பிறகு அந்தத் தாயின்ர வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனா.

அந்தத் தாய்க்கு நான் ஆரெண்டே தெரியாது. தூரத்தில இருந்து வந்திருக்கிறன் எண்டு, எழும்ப ஏலாத நிலைமையிலயும் தேத்தண்ணி போடச் சொன்னா.

குடிச்சனான்.

அவாவிட்ட மட்டும் என்ர பிழையைச் சொல்ல முடியேல்லை. சும்மா சுகம் விசாரிச்சிட்டு வந்திட்டன்.

சொல்லியிருக்க வேணுமா? நீங்கள் எண்டா என்ன செய்திருப்பியள்?