தவறான விடை எழுதுகிறவர்

பயிற்சி மையத்தின் மூன்றாம் மாடியில், ஜெராக்ஸ் மெஷினுக்கும் தண்ணீர்க் கேனுக்கும் நடுவில் போட்ட மேசைதான் அவருடையது. பதினோரு வருஷமாகக் கணக்குக்கு வினாத்தாள் தயாரிக்கிறார். கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளைப் பழக்கும் இடம் அது. பால்பல் விழுந்து முடியாததுகள்கூட அங்கே ரேங்க் பற்றிப் பெரிய மனுஷத்தனமாகப் பேசும். பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் குழி சார். அது அவருக்கும் தெரியும். வருத்தமில்லை, கொஞ்சம் பெருமைதான்.

ஒரு கேள்விக்கு நான்கு விடை. சரியான விடையை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம், தவறான மூன்றில்தான் தொழிலே இருக்கிறது என்பார். வாய்க்கு வந்த எண்ணைப் போட்டால் எந்தப் பிள்ளையும் ஏமாறாது. தப்பாகப் போட்ட பிள்ளை, தன் விடை அந்த நான்கில் இல்லையென்றால் சுதாரித்துக்கொண்டு மறுபடி போட்டுப் பார்க்கும். ஆகவே பிள்ளை எங்கே வழுக்குமோ அங்கே அதன் விடை முன்கூட்டியே போய் உட்கார்ந்திருக்க வேண்டும். “சார், உங்க தப்பெல்லாம் உயிரோட இருக்கு” என்று மேலாளரே ஒருமுறை பாராட்டினார்.

உயிர் எங்கிருந்து வந்தது என்று மேலாளருக்குத் தெரியாது. வீட்டிலிருந்து வந்தது. ஏழாம் வகுப்பு படிக்கும் மகளிடம் தினமும் காலையில் பத்துக் கணக்கு கொடுப்பார். அவள் போட்டுவிட்டுக் குளிக்கப் போனதும் நோட்டை எடுத்துப் பார்ப்பார். சரியாகப் போட்டவை அவருக்கு உதவாது. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தால் முகம் மலர்ந்துவிடும். அதைக் குறித்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிப்பார். சாயங்காலம் திருத்திச் சொல்லிக்கொடுக்கலாம் என்று நினைப்பார். சாயங்காலம் வேறு வேலை வந்துவிடும். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். இவர் ஊட்டியது எதை என்பது வேறு விஷயம்.

மகளும் அதே மையத்தில்தான் படித்தாள். அந்த வருஷம் ஏழாம் வகுப்பிலிருந்து நாற்பது பேரை மட்டும் பொறுக்கிச் சிறப்புப் பிரிவு தொடங்குவதாக அறிவித்தார்கள். நல்ல ஆசிரியர்கள் எல்லாரும் அந்தப் பிரிவுக்குத்தான் போவார்கள். மகள் அதில் இடம் பிடித்தாக வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பே இல்லை. அதற்கு வைத்த தேர்வின் கணக்குத் தாளை எழுதியதும் அவர்தான். ஒரு கேள்வியைப் பற்றிக்கூட மகளிடம் மூச்சு விடவில்லை. அந்த விஷயத்தில் ஆள் நெருப்பு. தாள் அவர் இதுவரை எழுதியதிலேயே சிறந்தது என்று எல்லாரும் சொன்னார்கள்.

மகள் பெயர் பட்டியலில் இல்லை. அவளுடைய விடைத்தாளை வாங்கிப் பார்த்தார். தவறு பதினான்கு. அதில் பன்னிரண்டு, அவருடைய குறிப்பில் அவர் கையெழுத்திலேயே இருந்தவை. மேசையில் உட்கார முடியாமல் எழுந்து போய் மாடிப்படியில் நின்றார்.

வீட்டில் மகள் அழவில்லை. எப்படி அத்தனை தப்பு வந்தது என்று கேட்டதற்கு நிதானமாகவே சொன்னாள்.

“போறப்ப நாப்பது, வர்றப்ப அறுபது, சராசரி வேகம் அம்பதுன்னு இங்கயே போட்டிருந்தேன்ல. நீங்க பாத்துட்டு ஒண்ணுமே சொல்லல. அங்கயும் அதே மாதிரி கணக்கு, கூட்டிப் பாதியாக்குன விடை இருந்துச்சு. அப்ப சரிதான்னு நெனச்சிட்டேன்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். சராசரி ஏன் ஐம்பது இல்லை, நாற்பத்தெட்டு என்று விளக்க அவள் நோட்டைத் தேடினார். மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சாப்பிடக் கூப்பிட்டாள்.

மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தப் பன்னிரண்டையும் இன்றைக்கே திருத்திவிடுவது என்று முடிவு. முதல் கணக்கை எழுதி அவள் பக்கம் தள்ளினார். அவள் பென்சிலை எடுக்காமல் கேட்டாள்.

“இது எனக்காப்பா, ஆபீசுக்கா?”

“உனக்குத்தாம்மா” என்றார்.

சரியென்று தலையாட்டினாள். இடது கையால் நோட்டை மறைத்துக்கொண்டு போட்டாள். முடித்ததும் எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் காட்டினாள். அம்மாவுக்குப் பள்ளிக்கூடக் கணக்கெல்லாம் எப்போதோ மறந்துவிட்டது. அது மகளுக்கும் தெரியும்.