வரைபடத்தைத் திருப்பும் ஹெஸ்டர்

மேசைமேல் வரைபடத்தை விரித்த உடனே ஹெஸ்டர் வான் டார்ஸ்டன் அதைத் திருப்ப ஆரம்பித்துவிடுவார். கால் சுற்று, அரைச் சுற்று, சில நாள் தலைகீழாகவே. பக்கத்து மேசையில் வடக்கை மேலே வைத்து ஒழுங்காகப் படிக்கிற பெரிய மனிதர்கள் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார்கள். அவர் சட்டை செய்ய மாட்டார். "வண்டி போற பக்கம் மூக்கு இருக்கணும்டா ஹாங்க். இல்லன்னா வலது எது, இடது எதுன்னு எவனுக்குத் தெரியும்?" என்பார் என்னிடம்.

முப்பத்து நாலு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டிய பெண்மணி. ஹட்சன் ஆற்றின் இந்தக் கரையில் அவர் சக்கரம் படாத மண்பாதை கிடையாது. நான் படித்ததும் அவர் பஸ்ஸில் போய்த்தான். ஒரு காலில் ஷூவும் ஒரு கையில் ஷூவுமாக ஓடி வருகிறவன் நான். பஸ் நிற்கும். ஹெஸ்டர் ஹாரன் அடிக்கவே மாட்டார். மேலேயிருக்கிற கண்ணாடியில் எதையோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஏன் என்று பிற்பாடு ஒருநாள் கேட்டேன். "ஹாரன் அடிச்சா வீட்ல உள்ளவங்க புள்ளையத் திட்டுவாங்க. நான் பாட்டுக்கு நின்னா அது பாட்டுக்கு வரும்" என்றார்.

இப்போது வயது எழுபத்திரண்டு. செவ்வாய், வியாழன் காலை பத்து மணிக்கு மாவட்ட ஆவண அறைக்கு வந்துவிடுவார். அங்கே கதவு திறப்பதும் பெட்டிகளை எடுத்துக் கொடுப்பதும் என் வேலை. முந்நூற்றறுபது வருஷத்துக்கு முன்னால் ஹாலந்திலிருந்து கப்பலேறி வந்த தன் முன்னோரை அவர் அங்கே தேடிக்கொண்டிருக்கிறார். பழைய டச்சுக் கையெழுத்தைத் தானாகவே படிக்கப் பழகிக்கொண்டவர். "ஆம்ஸ்டர்டாமுக்குப் போனா ஒரு காப்பி கேக்கத் தெரியாது எனக்கு. ஆனா செத்தவன் எந்தச் செம்புப் பானைய எந்த மகளுக்கு எழுதி வச்சான்னு கேளு, சொல்றேன்."

டச்சு முன்னோரைத் தேடி வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே முட்டுச்சந்தில் போய் நிற்பார்கள். அந்தக் காலத்தில் மகனுக்குப் பின்பெயராக ஒட்டிக்கொள்வது அப்பனுடைய பெயர். அவன் மகனுக்கு வேறொன்று. பெண்டாட்டி கல்யாணத்துக்குப் பிறகும் தன் வீட்டுப் பெயரிலேயே இருப்பாள். ஹெஸ்டர் அவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, "ஆளு பேர மாத்திக்குவான், ஓடை மாத்திக்காது. நெலத்தப் பிடிச்சுக்கிட்டுப் போங்க" என்று வழி சொல்லி அனுப்புவார். அவருடைய நோட்டில் எல்லாம் பென்சில் எழுத்து. தப்பு செய்தால் ரப்பரைத் தொடமாட்டார். மேலே ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் அன்றைய தேதியை எழுதுவார். "அழிச்சிட்டா நான் எவ்வளவு நாள் முட்டாளா இருந்தேன்னு எனக்கே மறந்துடும்ல?"

அவர் வாழ்க்கையின் மிகப் பெரிய தப்பு மட்டும் நோட்டில் இல்லாமல் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவருடைய அப்பா கேரட், ஒரு பழைய நில அளவைக்காரன் வரைந்த படத்தைத் தாள் வைத்து நகலெடுத்துச் சுவரில் மாட்டினார். முதல் முன்னோன் டியூனிஸ் கட்டிய வீடு அதில் இருந்தது. ஓடைக்கு மேலே ஒரு சின்னச் சதுரம். அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, தன் டிராக்டரிலேயே ஒரு பாறையை இழுத்து வந்து நட்டு, 'முதல் வீடு இங்கே இருந்தது' என்று வெண்கலத் தகடும் பதித்தார். அறுபது வருஷமாக ஆகஸ்டு மாதக் கடைசிச் சனிக்கிழமை வான் டார்ஸ்டன் குடும்பச் சங்கம் அந்தப் பாறையைச் சுற்றித்தான் கூடுகிறது. இருபத்தேழு வருஷமாக அங்கே நின்று வீட்டின் கதையைச் சொல்கிறவர் ஹெஸ்டர்.

போன வசந்தத்தில் மூலப் படத்தின் நல்ல பிரதி ஒன்று எங்கள் அறைக்கு வந்தது. ஹெஸ்டர் விரித்தார், வழக்கம்போலத் திருப்பினார். கை பாதியில் நின்றுவிட்டது. மூலையில் திசை காட்டும் பூ இருந்தது, அதன் வடக்கு முனை வலது பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.

"ஏண்டா ஹாங்க், இதுல மேல இருக்கறது மேற்குடா."

கிழக்கே கடலிலிருந்து கப்பலில் வந்தவன், எதிரே தெரிந்த கரையை மேலே வைத்து வரைந்திருக்கிறான். "வண்டி போற பக்கம் மூக்கு. நம்ம ஆளு!" என்று சிரித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். கேரட் எடுத்த தாள் ஒரு அங்குலம் குறைச்சல், அந்த மூலை அதில் விழவில்லை. அப்பாவின் நகலோ கண்ணாடிச் சட்டத்துக்குள். சுவரில் மாட்டிய படத்தை யார் திருப்பிப் பார்க்கிறார்கள்? எங்கள் ஓடை கிழக்கே ஓடி, ஒரு வளைவில் வடக்கே திரும்புகிறது. மேலே என்றால் வடக்கு என்று நினைத்து, கேரட் வளைவுக்கு முன்னால் பாறையை நட்டார். வீடு இருந்ததோ வளைவுக்கு அப்பால், ஒரு மைல் தள்ளி.

ஹெஸ்டர் வளைவுக்கு அப்பால் இருக்கிற நிலத்தின் பத்திரங்களைக் கேட்டார். நான் எடுத்துத் தந்ததில் 1811ஆம் வருஷத்துப் பத்திரம் ஒன்று எல்லையைப் 'பழைய நிலவறையிலிருந்து ஓடைவரை' என்று சொன்னது. டியூனிஸ் வீட்டில் மிஞ்சியது அந்த நிலவறையாகத்தான் இருக்க வேண்டும். கொடுத்தது வான் டார்ஸ்டன்களில் ஒருவர். வாங்கியது அவர் வீட்டில் அடிமையாக இருந்து விடுதலையான ஜேக்கப், டீன் என்ற அடிமைப் பெண்ணின் மகன். ஜேக்கப்பின் வாரிசுகள் இன்றைக்கும் அதே மண்ணில்தான் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற ஆல்மா வான் டார்ஸ்டன் வீடு அது. எங்கள் சாலையில் வெள்ளை வான் டார்ஸ்டன்களும் உண்டு, கறுப்பு வான் டார்ஸ்டன்களும் உண்டு. பெயர் ஒன்றுதான், சொந்தம் கிடையாது என்று எல்லோரும் சொல்வோம். யாரும் தேடிப் பார்த்ததில்லை.

அடுத்த செவ்வாய் ஹெஸ்டர் ஒரு கடிதத்தின் நகலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பதினைந்து வருஷத்துக்கு முன்னால், சங்கக் கூட்டத்துக்குத் தானும் வரலாமா என்று ஆல்மா கேட்டதற்குச் செயலாளர் ஹெஸ்டர் எழுதிய பதில். 'உங்கள் குடும்பம் எங்கள் பதிவுகளில் காணப்படவில்லை.'

"நான் பாக்கவே இல்லடா. பாக்காமலே காணப்படலன்னு எழுதிருக்கேன்."  வரியின்மேல் கோடு போட்டார், தேதி எழுதினார். பிறகு மேலங்கியை மாட்டிக்கொண்டு ஆல்மா வீட்டுக்குக் கிளம்பினார். படச்சுருளைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

ஆல்மா எங்களை வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, "பதினஞ்சு வருஷம் லேட்டு. இதுக்குப் பேரு பஸ்ஸா?" என்றார்.

"தப்பு என்னோடதுதான் ஆல்மா."

"அது எனக்கே தெரியும். நாம சொந்தமா இல்லையா, அதச் சொல்லு."

"தெரியாது. ஜேக்கப்போட ஞானஸ்நானப் பதிவுல அப்பா பேரு எழுதற எடம் காலியா இருக்கு."

"ஆமாமா, பாதிரியாருக்கு அப்பத்தான் மை தீந்துபோயிருக்கும்!"

  பிறகு ஆல்மா எங்களைக் கொல்லைப்புறம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கல் அடுக்கிய சதுரப் பள்ளம், அதற்குள் இடுப்பளவு ருபார்ப் செடி. "எங்க வீட்ல எப்பவும் இதுக்குப் பழைய நிலவறைன்னுதான் பேரு. கூட்டிட்டு வா உன் ஆளுங்கள. ஆனா அந்தப் பாறைய இங்க இழுத்துட்டு வராத. செடிய எவனாவது மிதிச்சான், தொலைச்சுப்புடுவேன்."

சங்கத் தலைவர் ஹெஸ்டரின் தம்பி பீட். பெற்றவர்கள் போனபிறகு ஹெஸ்டருக்கு மிச்சமிருக்கிற ஒரே நெருங்கிய உறவு. பீட் ஆவண அறைக்கே வந்து கத்தினார்.

"அது அப்பா தூக்கி வச்ச கல்லு, அக்கா! ஊர் முன்னாடி அவரப் பொய்யராக்கப் போறியா?"

"அப்பா பொய் சொல்லல பீட். தாளு பத்தல."

"நீ அங்க போனா எனக்கு அக்கான்னு ஒருத்தி இல்ல. அந்த அம்மா கொல்லையில நான் கால் வைக்க மாட்டேன்."

அன்று மதியம் ஹெஸ்டர் காரில் சாண்ட்விச்சைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமலே உட்கார்ந்திருந்தார். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வழக்கம்போல வந்தார். அவரை மெச்ச எனக்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

ஆகஸ்டு கடைசிச் சனிக்கிழமை, எங்கள் சர்ச் வாங்கி வைத்திருக்கும் பழைய பள்ளிக்கூட பஸ்ஸை ஹெஸ்டர் ஓட்டிக்கொண்டு வந்தார். பாறைக்குப் பக்கத்தில் நின்று மூன்று நிமிஷம் பேசினார். "இருபத்தேழு வருஷம் தப்பான எடத்துல நின்னு உங்களுக்குக் கதை சொல்லிருக்கேன். வரக் கேட்டவங்களுக்கு, பாக்காமலே இல்லன்னு எழுதிருக்கேன். ரெண்டும் நான் செஞ்சதுதான். வீடு வளைவுக்கு அந்தப் பக்கம். ஆல்மா வரச் சொல்லிருக்காங்க. வரவங்க வாங்க."

சொல்லிவிட்டுப் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலில் வயதான ஒரு தூரத்துச் சித்தப்பா ஏறினார். பிறகு உருளைக்கிழங்கு சாலட் பாத்திரத்தோடு இரண்டு பெண்கள். வேகவைத்த மக்காச்சோளக் கூடையோடு ஒரு குடும்பம். கால் மணி நேரத்தில் பஸ் பெரும்பாலும் நிறைந்துவிட்டது. பீட் மட்டும் பாறையில் ஒரு கையை ஊன்றி, எங்களுக்கு முதுகு காட்டி நின்றார்.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, கதவு திறந்தே இருந்தது. பத்து நிமிஷம் போயிற்று. பின்னாலிருந்து யாரோ, "சோளம் ஆறிப்போகுது ஹெஸ்டர், ஒரு ஹாரனாவது அடிக்கலாம்ல!" என்று குரல் கொடுத்தார்கள்.

ஹெஸ்டர் மேலேயிருக்கிற கண்ணாடியில் பாறைப் பக்கம் பார்த்தார். பிறகு கையைப் பின்னால் நீட்டி, தனக்கு நேர் பின்னால் இருந்த இருக்கையிலிருந்து தன் கைப்பையை எடுத்துக் காலடியில் வைத்துக்கொண்டார்.