உவனிலை கிடந்த சிஸ்டம்

எண்பதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்து ஆய்வு நிலையம் ஒன்றில் நான் கம்ப்யூட்டர் ஒப்பரேட்டர். அலுமாரி அளவில் ஒரு யூனிக்ஸ் மெஷின், பக்கத்தில் வரிசையாக மூன்று டிஸ்க் டிரைவ்கள். 0, 1, 2 என்பது புத்தகத்தில். எங்கள் வாயில் அவை இவன், உவன், அவன். நான் இருக்கும் கதிரையோடு நின்றவன் இவன், நடுவில் உவன், சுவரோரம் அவன்.

கரண்ட் போட்டதும் மெஷினுக்குத் தன்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. பூட் லோடர் என்ற துளிப் புரோகிராம் மட்டும் விழிக்கும். சிஸ்டம் எந்த டிஸ்க்கில் கிடக்கிறது என்று அதில் எழுதியிருப்போம். அது அங்கே போய், தன்னைவிடப் பல மடங்கு பெரிய சிஸ்டத்தை இழுத்து வந்து மெமரியில் ஏற்றிவிட்டு ஒதுங்கிவிடும். எத்தனை தடவை பார்த்தாலும் வாயைப் பிளந்துகொண்டுதான் நிற்பேன்.

ஒரு மாரியில் இடிமின்னலுக்குப் பிறகு பூட் லோடர் பழுதாகிவிட்டது. கொழும்பிலிருந்து எஞ்சினியர் செல்வராஜ் வந்தார். மலையகத்தில் பதுளைப் பக்கத்துக்காரர், கெட்டிக்காரர். நான் மெஷினுக்குப் பின்னால் கேபிள் பூட்டிக்கொண்டிருந்தேன்.

"சிஸ்டம் எந்த டிஸ்க்ல இருக்கு?" என்றார்.

"உவனிலை!" என்று கத்தினேன்.

பூட் லோடரைத் திரும்ப எழுதி முடித்து சுவிட்சைப் போட்டார். சிஸ்டம் இல்லை என்றது மெஷின். திரும்பப் போட்டார். அதே பதில்.

"சிஸ்டம் டிஸ்க் போச்சுங்க. அழிச்சிட்டு டேப்ல இருந்து புதுசா ஏத்திரலாம்."

அழிக்கும் கட்டளையைத் தட்டத் தொடங்கினார். வாசலில் ஆய்வாளர் சாவித்திரி நின்றார். கோடை முழுவதும் வலிகாமத்துக் கிணறுகளுக்குச் சைக்கிளில் போய் உப்பு அளந்தவர். அந்தக் கணக்குக்கு வேறு பிரதி இல்லை.

"சிஸ்டத்தைத்தானே அழிக்கிறியள்? அழியுங்கோ. என்ரை கிணறுகள் அவனிலை பத்திரமாக் கிடக்கு" என்றார்.

செல்வராஜின் விரல் நின்றது. "அவன்லயா? அவனைத்தாங்க அழிக்கப் போறேன்! சிஸ்டம் அவன்லன்னு இவர்தானே சொன்னாரு?"

"ஐயோ, நான் உவன் எண்டெல்லோ சொன்னனான்!"

"உவன்னா யாருங்க?"

கிட்ட நிற்கும் இவனுக்கும் தூர நிற்கும் அவனுக்கும் நடுவில் ஒருவன் நிற்பான் என்பது அவருடைய தமிழில் இல்லை; நான் கத்தியதை 'அவன்' என்று கேட்டு, சுவரோரத்து டிரைவை எழுதியிருக்கிறார். நடு டிரைவைத் தொட்டுக் காட்டினேன். 2 என்று எழுதியதை 1 ஆக்கினார். சிஸ்டம் ஒன்றும் நடக்காததுபோல எழும்பி வந்தது. சாவித்திரி கதிரையில் பொத்தென்று இருந்தார்.

"அண்ணை, முதலிலை என்ரை கிணத்துக் கணக்கைப் பிரிண்ட் பண்ணித் தாங்கோ" என்றார்.

அந்தக் கட்டளையின் கடைசிப் பொத்தானை அமத்தியிருந்தால் மெஷின் மறுபேச்சில்லாமல் எல்லாக் கிணற்றையும் துடைத்திருக்கும். அந்தக் கீழ்ப்படிவு எனக்கு இன்றைக்கும் பிரமிப்பு, பயமும் அதுதான். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, எதையும் அழிக்க முதல், அதில் கிடப்பது யாருடைய உழைப்பு என்று பக்கத்தில் நிற்பவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.