வாசலில் நின்ற ராக்காயி

விஸ்வநத்தத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு ராக்காயியுடையது. இடையில் அரை ஆள் உயரச் சுவர்தான். அவளைப் பற்றி இங்கே எழுதுவதில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதி, அவளும் என் மனைவி பாலம்மாளும் சுவரோரம் நின்று பேசிக்கொண்டது. இரண்டிலும் சேராததை எழுதவில்லை.

கணவர் கண்ணுச்சாமி மஞ்சள் காமாலையில் இறந்தபோது மகள் அழகுமீனா கைக்குழந்தை. ராக்காயி பட்டாசுக் கம்பெனிக்குப் போனாள். கிடைத்தது மருந்து வேலை, அதாவது வெடிமருந்து கலப்பது. மாலையில் திரும்பும்போது நெற்றியும் கழுத்தும் சேலையும் அலுமினியப் பவுடர் அப்பிச் சாம்பல் நிறத்தில் மினுங்கும். ஒரு பொறி பட்டாலும் அது பற்றிக்கொள்ளும் என்பதால் மருந்து வேலை பார்ப்பவர்கள் வாசல் வழியாக வீட்டுக்குள் வருவதில்லை. பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போய்க் குளித்து, உடுத்தியிருந்ததைத் தனி வாளியில் போட்ட பிறகுதான் அடுப்படிக்கும் பிள்ளையிடமும் போவார்கள்.

பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? பகலெல்லாம் எங்கள் வீட்டில் கிடக்கும் அழகுமீனா, நடக்கப் பழகியதிலிருந்து, அம்மாவின் தலை தெரிந்ததும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடுவாள்.

"கிட்ட வராத! அக்கா, அவளப் பிடிங்க!" என்று ராக்காயி தெருவிலிருந்தே கத்துவாள்.

பாலம்மாள் பிள்ளையை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொள்வாள். பிள்ளை வீறிடும். ராக்காயி குளித்து, சோறு பொங்கி வருவதற்குள் அழுத களைப்பில் தூங்கிவிடும். சில மாதங்களில் ஓடுவது நின்றுபோயிற்று. அம்மா வந்தாலும் தலையைத் தூக்காமல் சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

"இப்பத்தான்க்கா புள்ளைக்கு விவரம் வந்திருக்கு" என்று ராக்காயி நிம்மதியாகச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

அழகுமீனா வளர்ந்து காலண்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணமும் ஆயிற்று. மாப்பிள்ளை விக்னேஷ்வரனும் பட்டாசுக் கம்பெனிதான். மாமியார் வீட்டோடு இருந்தான். அதற்குள் ராக்காயிக்கு இளைப்பு வந்து வேலை நின்றுபோனது. இப்போது வீட்டில் இருப்பவள் அவள், வேலைக்குப் போய் வருகிறவள் மகள். வருவாள், செருப்பைக் கழற்றுவாள், அம்மாவைத் தாண்டி அடுப்படிக்குப் போவாள். கோபம் என்று சொல்ல முடியாது. வீட்டில் ஒருவர் இருக்கிறார் என்ற எண்ணமே இல்லாமல் போவாள்.

எங்கள் மகன் ராஜபாண்டியன் விருதுநகரில் வேலை முடிந்து வரும்போது பாலம்மாள் வாசலில் நின்று, "வாய்யா, வெயில்ல வந்திருக்க, மோர் குடி" என்பாள். எவ்வளவு கடுத்த முகத்தோடு வந்தாலும் அவன் சிரித்துவிடுவான். ராக்காயி இதைச் சுவருக்கு அப்பாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"அந்த ஒத்தச் சொல்லுக்கு அம்புட்டு சிரிப்பாக்கா?" என்று ஒருநாள் கேட்டாள். "நான் சாகுறதுக்குள்ள எம்மக என்னையப் பாத்து ஒருவாட்டி அப்படிச் சிரிச்சாப் போதும்."

"நீயும் வாசல்ல நின்னு கூப்பிடு. யாரு வேண்டாங்குறா?" என்றாள் பாலம்மாள்.

மறுநாள் சாயங்காலம் ராக்காயி தலை சீவி, துவைத்த சேலை உடுத்தி, செம்பில் தண்ணீரோடு வாசலில் நின்றாள். நான் எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஷேர் ஆட்டோ தெருமுனையில் நின்றது. இறங்கி நாலடி வைத்த அழகுமீனா, அம்மாவைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். சாப்பாட்டுப் பை கையிலிருந்து நழுவியது. தெருவிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"எந்தக் கம்பெனி? அவுகளா? சொல்லும்மா, அவுகளா?"

எங்கள் ஊரில், ஒருநாளும் வாசலுக்கு வராதவர்கள் வாசலில் காத்து நின்றால் அதற்கு ஒரே பொருள்தான்: கம்பெனியில் வெடித்துவிட்டது, வீட்டு ஆள் போய்விட்டது. அவளுடைய கூச்சலில் நாலு வீட்டுக் கதவும் திறந்தது.

ராக்காயி செம்போடு ஓடினாள். "ஒண்ணுமில்ல தாயி, ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. உன்னைய வான்னு கூப்பிடத்தான் நின்னேன்."

"வான்னு கூப்பிடவா?" அழகுமீனா எழுந்து மண்ணைத் தட்டினாள். "என்னைக்குக் கூப்பிட்ட நீ, இன்னைக்குக் கூப்பிட?"

எதிர்வீட்டு ஒச்சப்பன் சும்மா இருக்கமாட்டான். "ஏ ராக்காயி, ஆரத்தித் தட்டையும் எடுத்துட்டு நின்னுருக்கலாம்ல!" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். மகள் அவர்களைத் தாண்டி வீட்டுக்குள் போனாள். செம்புத் தண்ணீரை ராக்காயி முருங்கை மரத்தடியில் ஊற்றினாள்.

அதற்குப் பிறகு போன வைகாசியில் சாத்தூர்ப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. வானத்தில் புகை தெரிந்தது. பெண்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். விக்னேஷ்வரன் மாமியாருக்குப் போன் செய்தான்: "அத்தை, நம்ம கம்பெனி இல்ல. நான் நல்லாத்தான் இருக்கேன்." காலண்டர் கம்பெனியில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் அழகுமீனாவுக்கு அவனால் சொல்ல முடியவில்லை.

ராக்காயி செய்தியோடு வாசலுக்கு ஓடி வந்தவள் படியில் நின்றுவிட்டாள். பிறகு சுவரருகே வந்து, "அக்கா, நீங்களும் அண்ணனும் உள்ள போயிருங்க. நம்மளக் கண்டா மூலையிலேயே விழுந்துருவா" என்றாள். எதிர்வீட்டிலும் போய்க் கெஞ்சினாள். ஒச்சப்பன் உள்ளே போய்க் கதவைச் சாத்தினான்.

அழகுமீனா ஓட்டமாக வந்ததைச் சன்னல் வழியே பார்த்தேன். தெருமுனையில் நின்று தன் வீட்டு வாசலைப் பார்த்தாள். பிறகு மெதுவாக நடந்து வந்தாள். உள்ளே அவள் பேசியது சுவரைத் தாண்டிக் கேட்டது.

"வாசல்ல ஒருத்தரும் இல்ல. அப்பத்தாம்மா உசுரே வந்துச்சு. இனி எப்பவும் இப்படியே உள்ளயே இரு."

"சரி தாயி."

அம்மாவிடம் அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. சிரித்துச் சொன்னாளா என்று ராக்காயியிடம் பாலம்மாள் பிறகு கேட்டாள். உள்ளே இருட்டாக இருந்தது, முகம் தெரியவில்லை என்றாள்.

இளைப்பு இப்போது முற்றிவிட்டது. உள்ளே மூச்சு முட்டுகிறது என்று பகலில் வாசலில்தான் கயிற்றுக் கட்டிலில் கிடக்கிறாள். ஷேர் ஆட்டோ வரும் நேரமானால் சுவரைப் பிடித்து எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.